கிடைக்காத வேலையும் கேட்க வேண்டிய கேள்வியும்

கும்பகோணம் சாரங்கபாணி சுவாமி கோயிலுக்குச் சனிக்கிழமைதோறும் மாலையில் வருகிற பெரியவர் ஒருவர் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நான்கு. பொறியியல் படித்த அவருடைய பேரன், தாத்தாவின் கையைப் பிடித்தவாறு உடன் வருவான். பதினோரு நிலை இராஜகோபுரத்தின் கீழே செருப்பை விட்டுவிட்டுத் துளசி மாலை வாங்கிக்கொண்டு இருவரும் உள்ளே நுழைவார்கள். குதிரைகளும் யானைகளும் பூட்டிய தேர் வடிவில் அமைந்த கருவறையைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் படியேறுவார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பேரனா என்று மற்ற அன்பர்கள் வியந்ததுண்டு.

சென்ற ஆண்டு ஆடி மாதத்திலிருந்து பெரியவர் தனியாக வரத் தொடங்கினார். கேட்டவர்களிடம், "அவனுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை" என்றார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை நடந்ததுதான் காரணம்.

அன்று பூக்கடையில் ஒருவர், "தம்பி, வேலை கிடைச்சுதா?" என்று கேட்டார். கொடிமரத்தருகே இன்னொருவர் கேட்டார். தாயார் சந்நிதி வரிசையில் ஓர் அம்மாள், "இன்னுமா கிடைக்கலை? எங்க பெண்ணோட பிள்ளைக்குப் படிப்பு முடியறதுக்கு முன்னாடியே கிடைச்சுடுச்சே" என்றார். தீர்த்தம் வாங்கித் திரும்புவதற்குள் ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் அல்லர். அக்கறையினால் கேட்டவர்களே. ஆனால் அன்று வீடு திரும்பிய பேரன், "இனிமே நீங்க மட்டும் போயிட்டு வாங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பெருமாளைப் பார்க்க வருகிற இடத்தில் ஓர் இளைஞன் மனிதர்களுக்குப் பயந்து வராமல் நிற்கிறான் என்றால், அது கோயிலுக்கு வருகிற எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஆறுதல் சொன்னவர்கள்

ஒன்பது மாதங்களில் அவன் மூன்று நேர்முகத் தேர்வுகளைச் சந்தித்திருந்தான். இரண்டு தனியார் நிறுவனங்கள். மூன்றாவது, வங்கி அதிகாரி பணிக்கான தேர்வு. வங்கித் தேர்வில் முதல்நிலை, முதன்மை என்ற இரண்டு எழுத்துத் தேர்வுகளையும் தாண்டி நேர்முகம் வரை போய், இறுதிப் பட்டியலில் பெயர் வரவில்லை. மூன்று இடங்களிலிருந்தும் வந்த செய்தி ஒன்றுதான்: தேர்ந்தெடுக்கப்படவில்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாக ஆறுதல் சொன்னார்கள். அப்பா, "அவங்களுக்குக் கொடுத்து வைக்கலை" என்றார். அம்மா, "இதைவிடப் பெரிய வேலை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்றாள். பாட்டி ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோதிடரிடம் போய் வந்தாள். திருநள்ளாறு போய்த் தீர்த்தமாடி, எள் தீபம் ஏற்றிவிட்டு வந்தார்கள். அதில் தவறொன்றும் இல்லை. துன்பம் வந்தபோது தெய்வத்தின் வாசலில் போய் நிற்பது நம் மரபு. அது மனத்துக்குத் தெம்பு தரும். திருநள்ளாறு போய் வந்த இரண்டு நாள் பேரனும் சற்றுத் தெளிவாகவே இருந்தான். பிறகு மறுபடியும் கதவு சாத்திக்கொண்டது.

இந்த நிலையில்தான் கோயில் பிரகாரத்தில் ஒருவர் பெரியவரைத் தனியே அழைத்துப் பேசினார். தமக்குத் தெரிந்த ஒருவர் சென்னையில் இருப்பதாகவும், ஐந்து இலட்சம் கொடுத்தால் அரசு நிறுவனம் ஒன்றில் நிச்சயமாக வேலை வாங்கித் தருவார் என்றும், பாதியை முன்பணமாகக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். பெரியவரிடம் வங்கியில் ஆறு இலட்சம் ரூபாய் நிரந்தர வைப்பாக இருந்தது. முதுமையில் மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கிய பணம். அன்று இரவு அலமாரியைத் திறந்து அந்த வைப்புச் சீட்டை எடுத்துப் பார்த்தார். மறுநாள் இரவும் எடுத்துப் பார்த்தார். பாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பெரியவர்கள் இரவில் அலமாரியைத் திறந்திருப்பார்களோ! பேரப்பிள்ளையின் முகவாட்டத்தைக் காணப் பொறுக்காமல், வாழ்நாள் சேமிப்பை முன்பின் தெரியாத இடைத்தரகரிடம் கொடுத்து இழந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். முறையான தேர்வுக் கட்டணத்துக்கு மேல் பணம் கேட்டுத் தரப்படும் எந்த வேலையும் நேர்மையான வேலை அன்று. பெரும்பாலும் அது வேலையே அன்று.

மூன்றாம் நாள் இரவு, வைப்புச் சீட்டைக் கையில் வைத்திருந்த பெரியவரைத் தண்ணீர் குடிக்க எழுந்த பேரன் பார்த்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவன் கண் கலங்கியது.

"வேணாம் தாத்தா. மூணு இடத்துலயும் வேணாம்னு சொல்லிட்டாங்க. அதைக்கூடத் தாங்கிக்கலாம். என்கிட்ட என்ன குறைன்னு ஒருத்தரும் சொல்லலியே. அதுதான் தாங்க முடியலை."

பெரியவர் சீட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டார். ஒன்பது மாதங்களாக வீட்டில் எல்லோரும் பேசினார்கள். ஆனால் அவனைப் பேசவிட்டது அன்றுதான். அவனுக்கு வேண்டியிருந்தது ஆறுதல் அன்று, ஒரு பதில்.

தேடாத இடம்

பெரியவர் நாள்தோறும் விடியற்காலையில் சுந்தர காண்டம் பாராயணம் செய்பவர். நாற்பது ஆண்டுப் பழக்கம். மறுநாள் காலையில் அனுமன் இலங்கையில் சீதாபிராட்டியைத் தேடும் சர்க்கங்கள் வந்தன. எத்தனையோ முறை படித்த பகுதிதான். ஆனால் அன்று அது வேறு விதமாகத் தெரிந்தது.

நூறு யோசனை கடலைத் தாண்டி வந்த அனுமன், இராவணனின் அந்தப்புரம் முழுவதும் தேடுகிறான். மண்டோதரியைக் கண்டு, இவளே பிராட்டி என்று முதலில் துள்ளிக் குதித்து, பின்பு தன் தவற்றைத் தானே உணர்கிறான். மாளிகை மாளிகையாகத் தேடியும் காணவில்லை. வெறுங்கையோடு திரும்பினால் இராமன் என்ன ஆவான், சுக்ரீவன் என்ன ஆவான் என்று எண்ணி எண்ணிக் கலங்குகிறான். திரும்பிப் போகாமல் இங்கேயே துறவியாகிவிடலாமா, உயிரையே விட்டுவிடலாமா என்றுகூட அந்த மகாவீரன் நினைக்கிறான். அனுமனுக்கே மனம் இப்படிச் சோர்ந்தது என்பதை வால்மீகி மறைக்கவில்லை. சோர்வு வருவது குற்றமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் சோர்விலேயே அனுமன் நின்றுவிடவில்லை. 'அநிர்வேதம்' என்று ஒரு சொல் அங்கே வருகிறது. மனம் தளராதிருத்தல் என்பது பொருள். எல்லா நன்மைக்கும் அதுவே மூலம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். அதன்பின் அவன் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் முக்கியமானது. நான் இன்னும் தேடாத இடம் எது? அப்போதுதான் உயர்ந்த மரங்கள் அடர்ந்த அசோகவனம் கண்ணில் படுகிறது. இராமனையும் இலக்குவனையும் பிராட்டியையும் தேவர்களையும் வணங்கிவிட்டு அங்கே தாவுகிறான்.

வணங்கினான், பிறகு, தேடாத இடத்தில் தேடினான். வணக்கம் தேடலுக்குப் பதிலாக வரவில்லை. தேடலுக்குத் துணையாக வந்தது. ஏற்கெனவே தேடிய அந்தப்புரத்திலேயே நூறு முறை சுற்றியிருந்தால் பிராட்டி கிடைத்திருக்க மாட்டாள். பேரனும் அப்படித்தான் ஒரே விதமாகத் தயார் செய்துகொண்டு, ஒரே விதமாகப் பேசி, ஒரே விதமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறான் என்பது பெரியவருக்கு அன்று விளங்கியது. அவனுடைய அசோகவனம் எது? அதைச் சொல்லக் கூடியவர்கள் அவனை வேண்டாம் என்று சொன்னவர்கள்தாம்.

கடிதம்

காலைச் சிற்றுண்டி முடிந்ததும் பெரியவர் பேரனை அழைத்தார். "வங்கிப் பரீட்சையில எத்தனை மார்க் வாங்கினே?"

"தெரியலை தாத்தா. பட்டியல்ல என் நம்பர் இல்லைன்னதும் மூடி வெச்சுட்டேன். அப்புறம் பார்க்க மனசு வரலை."

வங்கிப் பணித் தேர்வில் முதன்மைத் தேர்வுக்கு எண்பது பங்கும் நேர்முகத்துக்கு இருபது பங்கும் கணக்கிட்டு இறுதி மதிப்பெண் தருகிறார்கள். நேர்முகத்துக்கு நூறு மதிப்பெண். பொதுப் பிரிவினர் அதில் குறைந்தது நாற்பது பெற வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குரிய மதிப்பெண்ணை இணையத்தில் பார்த்துக்கொள்ளக் குறிப்பிட்ட காலம் வரை வசதி உண்டு. பேரன் தயங்கித் தயங்கிக் கணினியைத் திறந்தான். நல்லவேளையாக அந்தக் காலம் முடிந்திருக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். நேர்முகத்தில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று.

"படிப்புல குறையில்லை. பேச்சுலதான் இருக்கு" என்றார் பெரியவர். தனக்கு ஒன்றுமே வராது என்று ஒன்பது மாதங்களாக எண்ணியிருந்தவன், தனக்குப் பெரும்பகுதி வருகிறது, ஒரு பகுதிதான் வரவில்லை என்பதை முதன்முறையாக எண்ணில் பார்த்தான்.

அரசு சார்ந்த தேர்வுகளில் இப்படி மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் வழி இருக்கிறது. தாமாக வெளியிடாத அரசு அமைப்பாக இருந்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு அலுவலகமானால் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தேர்வு எழுதியவர் தம் விடைத்தாளைப் பார்க்க உரிமையுண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. மதிப்பிட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை என்பது 2016ஆம் ஆண்டின் தீர்ப்பு. அதுவும் நியாயமே. நமக்கு வேண்டியது குறை எது என்பது. குறை சொன்னவரின் பெயர் எதற்கு?

தனியார் நிறுவனங்களுக்கு அத்தகைய கட்டாயம் கிடையாது. அங்கே கேட்கும் விதத்தில்தான் பதில் கிடைப்பது இருக்கிறது. பேரன் முதலில் எழுதியிருந்த மின்னஞ்சலில், 'என்னை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைத் தெரிவிக்கவும்' என்று இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் மனுக்களோடு வாழ்ந்த தாத்தா அதைப் படித்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"இது விளக்கம் கேட்கிற மெமோ மாதிரி இருக்குடா. மெமோ வந்தா யாரா இருந்தாலும் தன்னைக் காப்பாத்திக்கத்தான் பார்ப்பான். யோசனை கேட்டுப் பாரு, சொல்வான்."

இருவரும் சேர்ந்து திருத்தினார்கள். நேர்முகத்துக்கு அழைத்து நேரம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. முடிவை மதித்து ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி. அடுத்த முறை விண்ணப்பிப்பதற்குள் நான் எந்த ஒன்றிரண்டு விஷயங்களில் என்னைச் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கேள்வி. சிரமமில்லையெனில் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசவும் ஆயத்தமாக இருக்கிறேன் என்று முடிவு. மொத்தம் எட்டு வரிகள். முடிவை மாற்றச் சொல்லி ஒரு வார்த்தையும் இல்லை. பிறரோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் இல்லை. முடிவு தெரிந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் இத்தகைய கடிதம் போவது நல்லது. அப்போது அவர்களுக்கும் நேர்முகம் நினைவில் இருக்கும். அவன் கடிதம் காலம் தாழ்ந்தே போயிற்று.

ஒரு நிறுவனத்திலிருந்து பதிலே வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பினான். அதற்கும் பதில் இல்லை. அதோடு விட்டுவிட்டான். நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கிற அதிகாரிக்கு நேரம் இல்லாமல் இருக்கலாம். எதையாவது சொல்லி அது வழக்காகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கலாம். மௌனத்தை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது நிறுவனத்திலிருந்து ஒன்பதாம் நாள் மனிதவள அதிகாரியான அம்மையார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பேரன் எதிர்வாதம் செய்யாமல், சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். அவர் சொன்னவை இரண்டு. கேள்வியை முழுவதும் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறான். படிக்கும்போது செய்த திட்டப்பணியைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள் செய்தோம்' என்றே சொல்கிறான். அதில் அவன் செய்தது எது என்று கடைசி வரை தெரியவில்லை.

இராமானுஜன் வீட்டு வாசலில்

பதில் வந்துவிட்டது, ஆனால் அன்று மாலை அவன் முகம் இன்னும் வாடியிருந்தது. "எனக்குப் பேசவே தெரியலைன்னு சொல்றாங்க தாத்தா" என்றான். கேட்பது ஒரு துணிவு என்றால், கேட்டதற்கு வந்த பதிலைத் தாங்குவது அதைவிடப் பெரிய துணிவு. பெரியவர் பேசாமல் அவனை அழைத்துக்கொண்டு சாரங்கபாணி சந்நிதித் தெருவுக்கு நடந்தார். அங்கே கணித மேதை சீனிவாச இராமானுஜன் வளர்ந்த சிறிய ஓட்டு வீடு, இன்று நினைவில்லமாக இருக்கிறது. தெருவைப் பார்த்த சன்னல் அருகே நின்று பெரியவர் சொன்ன கதை இது.

நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பம். பிள்ளைக்குக் கணிதம் தவிர வேறு பாடம் ஏறவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. 1909ஆம் ஆண்டு திருமணம் ஆயிற்று; வருமானம் இல்லை. வேலை தேடித் திருக்கோவலூருக்குப் போனார். உலகளந்த பெருமாள் எழுந்தருளியிருக்கும் அந்த ஊரில் துணை ஆட்சியராக இருந்தவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர். எழுத்தர் வேலை ஒன்று வேண்டும் என்று இராமானுஜன் கேட்டார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஐயர் வேலை கொடுக்கவில்லை. இந்த அறிவைத் தாலுகா அலுவலகத்தில் அடைத்துப் பாழாக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சில மறுப்புகள் இப்படியும் இருக்கும்.

1912ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், இராமானுஜனின் கணக்குகளை இலண்டனில் இருந்த பேராசிரியர் ஹில் என்பவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஹில் மாணவராக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பதில் எழுதினார். கணிதத்தில் ஆர்வமும் ஓரளவு ஆற்றலும் இருக்கிறது. ஆனால் முடிவின்றி விரியும் தொடர்களில் தவறி விழுந்திருக்கிறார். புரோம்விச் எழுதிய நூலைப் படிக்க வேண்டும். கட்டுரை அனுப்பும்போது குறியீடுகளை விளக்கித் தெளிவாக எழுத வேண்டும் என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களையெல்லாம் கூட்டிக்கொண்டே போனால் மைனஸ் பன்னிரண்டில் ஒரு பங்கு வரும் என்று எழுதியிருந்ததைப் பிழையாகச் சுட்டிக் காட்டினார்.

ஹில் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. அந்த விடைக்கு வேறொரு பொருளில் ஆழ்ந்த உண்மை உண்டு என்பதைக் கணிதம் இன்று ஏற்கிறது. ஆனால் தெளிவாக எழுது, பிறருக்குப் புரியும்படி விளக்கு என்ற அறிவுரையில் தவறே இல்லை. வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கு இராமானுஜன் எழுதிப் பயனில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகும் 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் அவர் வேலை கேட்கவில்லை. தமக்கு அறிவுரை வேண்டும் என்றே கேட்டிருந்தார். ஹார்டி ஆர்வத்தோடு பதில் எழுதியபோது, இலண்டன் பேராசிரியர் எழுதியதைப் போன்ற பதிலைத்தான் உங்களிடமும் எதிர்பார்த்தேன் என்று இராமானுஜன் திருப்பி எழுதினார். மறுப்பை மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. 1914ஆம் ஆண்டு மார்ச்சில் கப்பலேறினார். 1918ஆம் ஆண்டு இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

"குறை சொல்றவங்க எல்லாரும் முழுசாச் சரியாச் சொல்வாங்கன்னு இல்லை. முழுசாத் தப்பாச் சொல்வாங்கன்னும் இல்லை. அரிசியைப் புடைக்கிற மாதிரி புடைச்சுப் பார்த்து எடுத்துக்கணும். அந்த அம்மா உனக்குப் பேசத் தெரியலைன்னா சொன்னாங்க? கேட்டு முடிச்சுட்டுப் பேசுன்னு சொன்னாங்க. அது வேற, இது வேற."

பேரன் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து மறுபடியும் படித்தான்.

பெரியவர்கள் செய்யக்கூடியவை

அடுத்த நாளிலிருந்து மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் நேர்முகத் தேர்வு தொடங்கியது. தாத்தா நாற்காலியில், பேரன் எதிரே. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். கேள்வி முடிந்ததும் மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும் என்பது விதி. 'நாங்கள்' என்று வந்தால் பாட்டி உள்ளேயிருந்து கையைத் தட்டுவாள். முதல் நாள் பதினோரு தட்டு. ஒரு மாதத்தில் அது இரண்டாகக் குறைந்தது.

ஓய்வு பெற்ற பெரியவர்கள் இல்லாத தெரு நம் ஊர்களில் இல்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்தவர்கள், வேலை கற்றுக் கொடுத்தவர்கள், மனுவைப் படித்தவுடன் மனிதனை அறிந்துகொண்டவர்கள். அந்த அனுபவத்துக்கு இதைவிட நல்ல பயன் வேறு என்ன?

ஆனால் அதற்கு முன்பு ஒன்று உண்டு. துயரத்துக்குச் சில நாள் இடம் கொடுக்க வேண்டும். இராமேசுவரத்திலிருந்து போன அப்துல் கலாம், விமானப் படை அதிகாரியாக வேண்டும் என்ற கனவோடு டேராடூனில் நேர்முகத்துக்குப் போனார். இருபத்தைந்து பேரில் ஒன்பதாவது இடம் கிடைத்தது. எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. மனமுடைந்த அவர் அங்கிருந்து ரிஷிகேசம் போய்க் கங்கையில் நீராடினார். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் ஆசிரமத்தை அடைந்தார். இளைஞன் எந்த மதத்தவன் என்று சுவாமி பார்க்கவில்லை. துயரத்தின் காரணத்தைக் கேட்டார். நடந்ததை ஏற்றுக்கொண்டு மேலே நடக்கச் சொன்னார். தில்லிக்குத் திரும்பிய கலாம், தாம் முன்பே நேர்முகம் கொடுத்திருந்த மற்றொரு பணிக்கான நியமன ஆணையைப் பெற்றார். குடியரசுத் தலைவரான பின் 2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் புணேயில் அவர் சுகோய் போர் விமானத்தில் பறந்தார்.

வேலை கிடைக்காத ஒவ்வொருவரும் கலாம் ஆவதில்லை. அப்படிச் சொல்வது பிள்ளைகளுக்குப் புதிய பாரமாகிவிடும். நாம் கவனிக்க வேண்டியது சுவாமி செய்ததை. அவர் யாரோடும் ஒப்பிடவில்லை. பழி சொல்லவில்லை. முதலில் கேட்டார், பிறகு சொன்னார். ஒவ்வொரு வீட்டுப் பெரியவரும் ஒரு நாழிகை அப்படிச் சிவானந்தராக இருக்கலாம். பேரப்பிள்ளை பல வாரங்களாக உண்ணாமலும் உறங்காமலும், வாழ்வே வேண்டாம் என்பது போலவும் பேசினால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போவதும் நம் கடமைதான்.

எழுந்த பெருமாள்

குடந்தைப் பெருமாளின் திருக்கோலத்துக்கு 'உத்தான சயனம்' என்று பெயர். முழுவதும் கிடந்த கோலமும் அன்று. எழுந்த கோலமும் அன்று. எழ முற்படும் கோலம். திருமழிசை ஆழ்வார் இங்கே வந்தபோது பெருமாள் சயனித்திருப்பதைக் கண்டு மனம் பொறாமல், நடந்த களைப்பினால் இப்படிக் கிடக்கிறாயோ, எழுந்து பேசு என்று கேட்டாராம். அடியவர் கேட்டதும் பெருமாள் எழத் தொடங்கினார். அந்த எளிமையில் நெகிழ்ந்த ஆழ்வார் அப்படியே இருக்கும்படி வாழ்த்தினார் என்பது வரலாறு.

அன்போடும் பணிவோடும் கேட்கப்படும் கேள்விக்குப் பெருமாளே தலையை உயர்த்தினார். மனிதர்களில் சிலராவது பதில் சொல்ல மாட்டார்களா? எல்லாம் அவன் செயல் என்பது உண்மைதான். ஆனால் 'ஏன்' என்று கேட்கும் வாயையும், வந்த பதிலைத் தாங்கும் நெஞ்சையும் கொடுத்தவனும் அவன்தானே!

தை மாதத்து முதல் சனிக்கிழமை மாலை, பெரியவர் புறப்பட்டபோது பேரன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றான். "நானும் வரேன் தாத்தா." பாட்டி துளசி மாலைக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தாள்.

பூக்கடையில் அதே மனிதர் அதே கேள்வியைக் கேட்டார். பெரியவரின் கை பேரனின் கையை இறுகப் பற்றியது. பேரன் கேள்வி முடியும் வரை பொறுத்திருந்தான். மனத்துக்குள் மூன்று எண்ணினான்.

"இன்னும் இல்லை மாமா. போன தடவை ஏன் கிடைக்கலைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வர்ற புதன்கிழமை மறுபடியும் ஒரு நேர்முகத் தேர்வு இருக்கு."

பூக்கடைக்காரர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு மாலையோடு இரண்டு தாமரை மொட்டுகளைச் சேர்த்துக் கட்டி அவன் கையில் கொடுத்தார். "தாயாருக்குச் சார்த்தச் சொல்லு தம்பி" என்றார். அவற்றுக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.